கால் கிலோ பருப்பு, அரை மணி நேரம் தான்சானியா

அம்மா 27 வருஷம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி உடைக்கும் ஆலைக்கு, போனவள். அதனால் எங்கள் வீட்டில் முந்திரிப்பருப்பு கொட்டிக் கிடக்கும் என்று கூடப் படித்த பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் சேலை முந்தியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பருப்புகூட வீடு வந்து சேர்ந்ததில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கவும் மனசு வராது. ஆக, கொல்லாங்கொட்டை தல்லி, அதாவது முந்திரிக்கொட்டை உடைத்து, பிழைத்த குடும்பத்தில் பாயசத்துக்குத் தேங்காய்ப் பல்லைத்தான் நெய்யில் வறுத்துப் போடுவோம்.

போன ஆவணியில் தம்பி கல்யாணப் பலகாரத்துக்கு மூன்று கிலோ தேவைப்பட்டது. அப்போதுதான் முதல்முதலாக ஒரு முந்திரிக் கடையைத் தேடிப் போனேன். (முந்திரிக்கொத்துக்காக இல்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது, சிறுபயறுதான்.) மார்த்தாண்டத்தில் நான் கணக்கு எழுதும் ஆடிட்டர் ஆபீசில் ஒரு அக்கா சொல்லித்தான் இந்தக் கடை தெரியும். கருங்கலில் இருந்து மார்த்தாண்டம் போகும் ரோட்டில், ஒற்றை ஷட்டர் போட்ட கடை. பலகையில் இருக்கிற பெயரை யாரும் சொல்வதில்லை. ஆப்பிரிக்கா கடை என்றால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

உள்ளே போனதும் கண்ணில் படுவது பருப்பு இல்லை, சுவர். எங்கள் பக்கத்துக் கடைகளில் மாதாவோ அய்யா வைகுண்டரோ இருக்கிற இடத்தில் தான்சானியாத் தலைவர்கள் ஏழு பேரின் முகங்கள் வரிசையாக இருக்கின்றன, பேப்பரில் வெட்டி லேமினேட் பண்ணியவை. நியெரேரே, கருமே, ம்வின்யி, ம்காபா, கிக்வெத்தே, மகுஃபுலி, கடைசியில் முக்காடு போட்ட சமியா சுலுஹு ஹசன். நியெரேரேக்கு இந்தப் பக்கம் காமராஜர். ‘ம்’ போட்டுத் தொடங்கும் பெயர்கள் நம் வாய்க்கு எளுப்பமாக வராது. கடைக்கார அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ம்காபா அவருக்கு ‘முக்காப்பா’. அவர் 21 வருஷம் வேலை பார்த்த துறைமுக ஊரான ம்த்வாரா ‘முத்துவாரா’. கேட்டால் விளாத்திகுளம் பக்கத்து ஊர் மாதிரி இருக்கும்.

அண்ணனுக்கு அங்கே வேலை, ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கொட்டையின் தரம் பார்ப்பது. மூட்டையில் கையை விட்டு ஒரு கிலோ கொட்டையை அள்ளி, ஒவ்வொன்றாக வெட்டி, நல்ல பருப்பு, சுருங்கியது, பூச்சி அரித்தது என்று பிரித்து எடை போடவேண்டும். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் அந்தத் தொழிலில் எல்லாக் கணக்கும். அதற்கு அவுட்டர்ன் என்று பெயர். 1998இல் போனவர், 2019இல் திரும்பி வந்துவிட்டார். ஏன் வந்தார் என்பது மகுஃபுலி கதை, பிறகு சொல்கிறேன்.

முதலில் சரக்கு. நான் கணக்கு எழுதுகிறவள், எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். 180, 210, 240, 320 என்று டப்பாக்களில் எழுதியிருக்கிறதே, அது விலையும் இல்லை, ரகத்தின் பெயரும் இல்லை. ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்ற எண்ணிக்கை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் பெரிசு. 320 என்றால் பவுண்டுக்கு 300 முதல் 320 வரை இருக்கவேண்டும். அரைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 331 முதல் 353. வீட்டில் பாய் விரித்து, அரைக் கிலோவைக் கொட்டி எண்ணினேன், 347. நியாயமான சரக்கு. 240இல் அரைக் கிலோவுக்கு அதிகபட்சம் 264தான் இருக்கவேண்டும், எனக்கு 271 வந்தது. அடுத்த முறை போனபோது கேட்டேன். மழுப்புவார் என்று நினைத்தேன். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எண்ணியா பாத்த?” என்றார். அப்புறம் ஒன்றும் பேசாமல் ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கொடுத்தார். அன்றையில் இருந்து எனக்கு அந்தக் கடையில் கொஞ்சம் மரியாதை கூடுதல்.

ஆவணியில் நான் கொடுத்த விலை: 320 நம்பர் பருப்பு கிலோ 880 ரூபாய், உடைந்த துண்டு 640. டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளைவிடக் குறைவு. ஊர்வாரியாகத் தனித்தனி டப்பா வைத்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தான்சானியா ஒன்று, கினி பிசாவ் ஒன்று, ஐவரி கோஸ்ட் ஒன்று. நாட்டுக் கொட்டைக்கும் டப்பா உண்டு, போகும்போதெல்லாம் காலியாகத்தான் இருக்கிறது. தான்சானியாப் பருப்பு கொஞ்சம் தடியாக, வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது, கடித்தால் இனிப்பு நாக்கில் நிற்கிறது. கினி பிசாவ் சிறிசு. வறுவலுக்கு அதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது, மிளகு நன்றாக ஒட்டுகிறது. “கினி பிசாவ் டப்பாவுக்கு மேலே அமில்கார் கப்ரால் படம் வைக்கலாமே, அந்த நாட்டு விடுதலைக்காக நின்று, சுதந்திரத்தைப் பார்க்காமலே 1973இல் சுடப்பட்டுச் செத்தவர் இல்லையா?” என்று ஒருநாள் கேட்டேன். “நான் பாக்காத ஊரை நான் பேசப்பிடாது” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பார்த்த ஊரைப் பற்றி என்றால் நிறுத்தமாட்டார். கால் கிலோ வாங்கப் போனால் அரை மணி நேரம் ஆகும், அதற்குத் துணிந்தவர்கள் மட்டும் போங்கள். துறைமுகத்தில் இருந்து தொடங்குவார். முத்துவாரா துறைமுகம் கட்டப்பட்டதே கடலைக்காகத்தானாம். நிலக்கடலை. இரண்டாம் உலகப்போர் முடிந்து பிரிட்டனில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு. 1947இல் அந்த அரசாங்கம் தங்கனியிகாவில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) காட்டை அழித்துக் கடலை போடக் கிளம்பியது. மண் இறுகிக் கிடந்தது, மழை சொன்னபடி பெய்யவில்லை, டிராக்டர்கள் படுத்துவிட்டன. 1951இல் கைவிட்டபோது 3 கோடியே 60 லட்சம் பவுண்டு மண்ணோடு போயிருந்தது. மிஞ்சியது ஆழமான ஒரு துறைமுகம். “கடலைக்குக் கட்டின துறைமுகத்துல கொல்லாங்கொட்டை ஏறி, தூத்துக்குடியில இறங்கி, உங்க அம்மை கையில வந்து நிக்கி” என்று முடிப்பார். பருப்பை நீட்டி, “தின்னு பாரு, ருக்சா” என்பார். ருக்சா என்றால் அனுமதி. அந்தச் சொல்லுக்கும் ஒரு ஜனாதிபதி உண்டு, வருகிறேன்.

நியெரேரே என்றால் அண்ணனுக்கு உயிர். ஜனாக்கி என்ற சின்ன இனத்துத் தலைவரின் மகன், 12 வயதில்தான் பள்ளிக்கூடம் போனவர், எடின்பரோவில் படித்துவிட்டு வந்து வாத்தியார் வேலை பார்த்தவர். அதனால்தான் நாடே அவரை ம்வாலிமு என்றது. நம்முடைய தேங்காய்ப்பட்டணத்து மதரசாவில் முஅல்லிம் என்கிறோமே, அதே அரபுச் சொல்தான். அவர் டானு கட்சியைத் தொடங்கியது 1954 ஜூலை 7. அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்கு ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 11, இங்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. என் தாத்தா புதுக்கடைக்காரர். அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், சுட்டவர்கள் பக்கத்து அறையில் நிற்கிற மாதிரி. நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1, தங்கனியிகா சுதந்திரம் வாங்கியது 1961 டிசம்பர் 9.

காமராஜரை ஏன் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்பதற்கு நான் எளிமை, நேர்மை என்று ஏதோ எதிர்பார்த்தேன். அண்ணன் சொன்ன காரணம் வேறு. சுதந்திரம் வாங்கி ஆறு வாரத்தில், 1962 ஜனவரியில், நியெரேரே பிரதமர் பதவியை ராஜினாமா செய்துவிட்டுக் கட்சியைக் கட்டக் கிராமம் கிராமமாகப் போய்விட்டார். நாற்காலியில் ரஷீதி கவாவா உட்கார்ந்தார். காமராஜர் முதல்வர் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போனது 1963 அக்டோபரில். “நம்ம ஆளுக்கு ஒண்ணே முக்கா வருஷம் முந்தி, கேட்டியா மக்கா.” ஆனால் நியெரேரே அதே 1962 கடைசியில் ஜனாதிபதியாகத் திரும்பி வந்து 1985 வரை இறங்கவில்லை. அதை அண்ணன் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார். காமராஜர் திரும்பவில்லை. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று டெல்லிக்கு எம்.பி.யாகப் போனார், அவ்வளவுதான்.

1967 அருஷா பிரகடனத்தை அண்ணன் மனப்பாடமாக ஒப்பிப்பார். வங்கிகள் அரசுடைமை ஆனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தலைவர்களுக்கான விதி. கட்சிப் பொறுப்பில் இருப்பவன் இரண்டு சம்பளம் வாங்கக்கூடாது, கம்பெனியில் பங்கு வைக்கக்கூடாது, வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களின் வாடகை வருமானத்தைக் கணக்குப் பண்ணும் எனக்கு அந்தக் கடைசி விதி ரொம்பப் பிடித்தது. எங்கள் ஆபீஸ் கிளையன்ட் ஒருத்தருடைய ஃபைலை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன், பெயர் வேண்டாம்.

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் நகர வணிகன்’ இரண்டையும் ஜனாதிபதியே சுவாஹிலியில் மொழிபெயர்த்திருக்கிறார். இரண்டாவதன் தலைப்பில் வணிகன் ‘முதலாளிகள்’ ஆகிவிட்டான். அண்ணன் இதைச் சொல்லிவிட்டுத் தன் கல்லாப்பெட்டியைத் தட்டிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து ராத்திரி போனில் தேடிப் படித்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு எண்கள்தான் முதலில் கண்ணில் படும். 1973-74இல் தான்சானியாவின் கொட்டை விளைச்சல் 1,45,000 டன். 1980களின் நடுவில் 20,000 டன்னுக்குக் கீழே. ஒரு கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டில் இப்படி ஒரு வீழ்ச்சியைப் பார்த்தால் முதலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்போம். மூன்று கிலோவில் ஒரு பாக்கெட்டில் சீல் சரியாக ஒட்டாமல் பருப்பு நமுத்துப்போயிருந்தது. அதை மாற்றப் போகும்போது இதையும் கேட்பது என்று முடிவு பண்ணினேன்.

பாக்கெட்டை ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார். கேள்விக்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டார்.

உஜாமா என்றால் குடும்பப் பாசம். சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளை ஒரே கிராமமாகச் சேர்த்தால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர் எல்லாம் கொடுக்கலாம் என்பது வாத்தியாரின் எண்ணம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்றார்கள். 1973இல் இருந்து எல்லாரும் போயே ஆகவேண்டும் என்று ஆனது. மூன்று நான்கு வருஷத்தில் லட்சக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்து எடுத்தார்கள், சில இடங்களில் பழைய வீட்டை இடித்தே அனுப்பினார்கள். மனுஷன் இடம் மாறலாம், கொல்லாமரம் மாறுமா? மரம் பழைய இடத்தில், ஆள் புது கிராமத்தில். நடுவில் நடக்க முடியாத தூரம். அடியில் காடு மண்டியது. பூக்கிற நேரத்தில் சாம்பல் நோய் வந்தது, மாவு தூவின மாதிரி பூவெல்லாம் வெளுத்து உதிர்ந்துவிடும், கந்தகப் பொடி அடித்தால்தான் நிற்கும். அரசாங்கம் கொடுத்த விலைக்குக் கந்தகம் எவன் வாங்குவான்? அதே காலத்தில் உலக வங்கிக் கடனும் வாங்கிக் கொட்டை ஆபீஸ்களைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். உடைக்கக் கொட்டை இல்லை. பாதிக்கு மேல் பூட்டியே கிடந்தன.

“வாத்தியார் பெயிலான பரீட்சை அது” என்றார் அண்ணன். பிறகு அவரே, “இருந்தாலும் 120 இனத்தைச் சண்டை இல்லாம ஒரு பாஷை பேச வச்சான் பாத்தியா” என்று சேர்த்துக்கொண்டார். இரண்டும் உண்மைதான். உகாண்டாவின் இடி அமீன் 1978இல் எல்லையில் உள்ள ககேரா பக்கம் நுழைந்ததும், தான்சானியப் படை 1979 ஏப்ரலில் கம்பாலா வரை போய் அவனைத் துரத்தியதும், அதில் கஜானா காலியானதும் அவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற கதை. சண்டைக் கதையில் அவருக்கு ருசி கிடையாது.

விளையாட்டுக் கதை என்றால் வேறு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பாவோ பலகை வைத்திருக்கிறார். நம் பல்லாங்குழி மாதிரி, ஆனால் நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, 64 காய். காய் எதுவென்று பார்த்தால் கழற்சிக்காய்! சங்கப் பெண்கள் கழங்கு ஆடியது இதே காயில்தான் என்று தமிழ் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து, ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். சாம்பல் பச்சை, கூழாங்கல் மாதிரி குளிர்ச்சி. எடை போடும்வரை பொறுமை இல்லாத பிள்ளைகளை இதில் உட்கார வைத்துவிடுகிறார். சன்சிபார் தீவின் கருமேயைச் சுட்டது அவர் பாவோ ஆடிக்கொண்டிருந்தபோதுதான், 1972 ஏப்ரல் 7. மாலுமியாக இருந்தவர். 1964 ஜனவரியில் சுல்தானைத் துரத்திய புரட்சியில் சன்சிபாரின் ஜனாதிபதியாகி, ஏப்ரல் 26 அன்று தங்கனியிகாவோடு தீவைச் சேர்த்தவர். இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டித்தான் தான்சானியா. புரட்சியை முன்னே நின்று நடத்திய ஜான் ஒகெல்லோவைச் சில வாரங்களில் தீவுக்குள்ளேயே விடவில்லை. இதையெல்லாம் அண்ணன் காயை ஒவ்வொரு குழியாகப் போட்டுக்கொண்டே சொல்வார், பக்கத்தில் நாலாம் வகுப்புப் பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ருக்சாவுக்கு வருகிறேன். 1985இல் நியெரேரே இறங்கினார், ம்வின்யி வந்தார். சோப்புக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற நாட்டில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார். எதைக் கேட்டாலும் அனுமதி, அதனால் ‘ம்ஸே ருக்சா’, அனுமதிப் பெரியவர். அண்ணன் போனது அதற்கு அடுத்த ம்காபா காலத்தில். மறு வருஷமே, 1999 அக்டோபர் 14இல், நியெரேரே லண்டன் ஆஸ்பத்திரியில் இறந்தார். ரேடியோவில் ம்காபா அதைச் சொன்னபோது அண்ணன் கொட்டை வெட்டிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்ததுதான் அவருக்கு ஞாபகம். பாஷை அப்போது பாதிதான் புரியும். “ஊசியை வச்ச விதத்துல புரிஞ்சுது.”

சரி, மகுஃபுலி. 2015இல் வந்ததும் சுதந்திர தினக் கொண்டாட்டத்தை ரத்து செய்துவிட்டுத் துடைப்பத்தோடு தெருவில் இறங்கியவர். அடைமொழி புல்டோசர். 2018 அக்டோபரில் கொட்டை ஏலம் தொடங்கியது. அங்கே விவசாயி கொட்டையைக் கூட்டுறவுச் சங்கத்துக் கிடங்கில் போட்டு ரசீது வாங்கிக்கொள்வான், வியாபாரிகள் மூடிய கவரில் விலை போடுவார்கள், விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயிகள் கூட்டத்திலேயே மாட்டோம் என்று சொல்லிவிடலாம். அந்த வருஷம் விலை விழுந்திருந்தது. கூட்டம் கூட்டமாக மாட்டோம் என்றார்கள். நவம்பரில் மகுஃபுலி இரண்டு மந்திரிகளை வீட்டுக்கு அனுப்பினார், மொத்த விளைச்சலையும் அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு வாங்கும் என்றார், கொட்டை அள்ள ராணுவத்தை அனுப்பினார்.

“பட்டாளத்து லாரியில கொல்லாங்கொட்டை ஏறுறதை நான் கண்ணால பாத்தேன் மக்கா.”

முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு 1,500 கிலோவுக்கு மேல் போட்டவர்கள் தோட்டத்தைக் காட்டவேண்டும் என்றார்கள். கஷ்ட காலத்தில் விவசாயியிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பதுக்கும் தரகர்களைப் பிடிக்கத்தான் அந்த விதி, அங்கே அவர்களுக்குக் கங்கோம்பா என்று பெயர். நல்ல நோக்கம். ஆனால் பணம் மாசக்கணக்கில் வராமல் உண்மையான விவசாயியும் சேர்ந்து காத்திருந்தான். கொட்டை கிடங்கில் தூங்கியது. அண்ணனின் கம்பெனிக்கு அந்த சீசனில் வாங்கக் கொட்டையே இல்லை, வெட்டிப் பார்க்க ஆள் எதற்கு? பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தன் சோற்றில் மண் போட்டவரின் படத்தை ஏன் மாட்டியிருக்கிறார் என்று கேட்டேன். “வெவசாயிக்கு வெலை குடுக்கணும்னு நெனச்சானே” என்றார். எனக்கு அந்த அளவு பெருந்தன்மை கிடையாது. கொரோனா எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்தியவர், பப்பாளிக்கும் ஆட்டுக்கும் டெஸ்ட் எடுத்ததில் தொற்று வந்ததாகச் சொன்னவர், 2021 மார்ச் 17இல் போய்ச் சேர்ந்தார். இதைச் சொன்னால் அண்ணன் முகம் கொஞ்சம் வாடும், எடையில் குறைக்கமாட்டார்.

மூன்றாம் முறை, கார்த்திகையில், அம்மாவைக் கூட்டிப்போனேன். புதுக் கொட்டை வந்திருக்கிறதா பார்க்கலாம் என்று. அம்மாவின் விரலைப் பார்த்ததுமே அண்ணன் எழுந்து ஸ்டூலைத் தள்ளினார். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனி கறுத்து, ரேகையெல்லாம் மழுங்கிப்போன கை. ரேஷன் கடை மெஷின் அம்மாவை அம்மா என்று ஒப்புக்கொண்டதே இல்லை, நாலு தடவை அழுத்தி, துடைத்து, கடைசியில் என் விரலில்தான் அரிசி வாங்குவோம்.

“அக்கா தல்லா, பீலிங்கா?”

“தல்லு பதினோரு வருஷம். பெறவு பீலிங்.”

அம்மா ஒரு 320ஐ எடுத்தாள். கடிக்கவில்லை. பெருவிரல் நகத்தை நடுக்கோட்டில் வைத்து லேசாகத் திருகினாள், டக்கென்று இரண்டாகப் பிளந்தது. உள்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினாள். நடுவில் மெல்லிசாக ஒரு பழுப்பு. “போர்மாவுல ஒரு நேரம் கூடக் கெடந்திருக்கு” என்றாள். போர்மா என்றால் பருப்பைக் காயவைக்கும் சூட்டு அறை. அண்ணன் வாங்கிப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். அடுத்த டப்பாவைத் திறந்தார், அதைத் திருகிவிட்டு, “இது கொள்ளாம்” என்றாள். அதில் ஒரு கிலோ வாங்கினோம். இனி யாரும் அங்கே போனால் நடுக்கோட்டில் திருகிப் பார்த்து வாங்குங்கள்.

அண்ணன் அம்மாவுக்கும் படங்களை விளக்க ஆரம்பித்தார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல பொம்பளை ஒண்ணுதானா?” என்றாள். அப்போதுதான் பீபி தித்தி முகமது பேச்சு வந்தது. தார் எஸ் சலாமில் பெண்களின் ஆட்டக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், 1955இல் டானுவின் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாகி, வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கான பெண்களைக் கட்சியில் சேர்த்தவர். ஆண்கள் உத்தியோகத்துக்குப் பயந்து பதுங்கிய நேரத்தில் பணம் திரட்டிக் கொடுத்தது அந்தப் பெண்கள்தான். அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 1969இல் அதே அரசு அவரைக் கைது செய்து ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தது, 1972இல் விடுதலை செய்தது. முதல் தடவை கேட்டபோது நியெரேரே அரசியல்வாதிகளை உள்ளே போட்டதே இல்லை என்று அண்ணன் என்னிடம் அடித்துச் சொல்லியிருந்தார், விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் சட்டம் 1962இலேயே வந்துவிட்டது என்று நான் சொன்னபோதும் தலையை ஆட்டினார். இந்த முறை அம்மா முன்னால் அவரே பீபி தித்தி கதையை முழுசாகச் சொன்னார்.

“ஒப்பம் நின்னவளையா பிடிச்சுப் போட்டான்?” என்றாள் அம்மா. ஒப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் கூட.

அண்ணன் பதில் சொல்லவில்லை. படம் ஒன்று தேடி எடுத்து மாட்டுகிறேன் என்றார்.

சமியாவைப் பற்றி ஆவணியில் நன்றாகத்தான் பேசினார், நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி, சன்சிபார்க்காரி என்று. 2025 அக்டோபர் 29 தேர்தலுக்குப் பிறகு பேசுவதில்லை. முக்கிய எதிராளிகளைப் போட்டியிடவே விடாமல், கிட்டத்தட்ட 98 சதவீத வாக்கு என்று அறிவித்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் துண்டு லிஸ்ஸு, 2017இல் உடம்பில் பதினாறு குண்டு வாங்கிப் பிழைத்தவர், தேசத்துரோக வழக்கில் உள்ளே இருந்தார். தெருவில் இறங்கியவர்கள்மேல் சுட்டார்கள், இன்டர்நெட்டை வெட்டினார்கள். முத்துவாராவில் கூட வேலை பார்த்தவருக்குப் போன் போகவே பல நாள் ஆனதாம். படம் அங்கேயேதான் தொங்குகிறது. அதைப் பற்றிக் கேட்டால் அண்ணன் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

அம்மா ஒன்று கேட்டாள், “அவிய ஊருக் கொட்டையை அவியளே தல்லினா என்ன?” அங்கே எல்லா ஆட்சியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, விளைவதில் பெரும்பகுதி இன்னும் தோட்டோடுதான் கப்பலேறுகிறது என்றார் அண்ணன். அங்கே ஆபீஸ் திறந்தால் இங்கே ஆபீஸ் பூட்டும் என்றும் சொன்னார். இங்கேதான் ஏற்கெனவே பூட்டிக்கொண்டிருக்கிறதே, நான் ஏறும் பஸ் போகும் வழியில் மட்டும் பூட்டின ஆபீஸ் இரண்டு. அம்மா, “அங்க உள்ளதுவளுக்காவது கையுறை குடுப்பாவளா?” என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

குறைகள்: பகல் ஒன்றில் இருந்து நாலு வரை பூட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். ஜிபே உண்டு, ஆனால் பணம் வந்ததா என்று மகனுக்குப் போன் போட்டுக் கேட்டபிறகுதான் பையைக் கையில் தருவார். வண்டி நிறுத்த இடம் கிடையாது. பாக்கெட் சீலை அங்கேயே அழுத்திப் பாருங்கள். அவசரம் என்றால் சாயங்காலம் போகாதீர்கள், பாவோ ஆட வரும் பையன்கள் கூட்டம் இருக்கும். ஐந்துக்கு நாலரை மார்க் கொடுப்பேன், குறைத்த அரை அந்த 240க்காக.

போன வாரம் கால் கிலோ துண்டு வாங்கப் போனேன். நியெரேரேக்கும் காமராஜருக்கும் நடுவில் புதுசாக ஓர் ஆணி அடித்திருக்கிறார். படம் இன்னும் வரவில்லை, மார்த்தாண்டத்தில் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறதாம்.